சி18 என்ற பெயருக்குப் பின்னால்: எச்.பி.எல்.சி கொலத்தின் இரசாயனம் பீக்குகளை எப்படிப் பிரிக்கிறது?

எச்.பி.எல்.சி என்பது, கரைசலொன்றிலுள்ள பொருட்களை உயரழுத்தத்தில், துணிக்கைகள் நிரப்பிய உருக்குக் குழாயான கொலத்தினூடாகச் செலுத்திப் பிரித்து அளக்கும் முறை. ஒவ்வொரு பொருளும் வெளியே வரும்போது திரையில் எழும் மேடுதான் பீக். இரண்டு பீக்குகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. திரையில் ஒரு மலை, அதன் தோளில் ஒரு சின்ன மேடு. எச்.பி.எல்.சி பழகும் எவருக்கும் இந்தக் காட்சி முதல் மாதத்திலேயே வந்துவிடும். உடனே பலர் நீளமான கொலம் ஒன்றைத் தேடுவார்கள், இல்லாவிட்டால் பாய்ச்சல் வேகத்தைக் குறைப்பார்கள். இரண்டும் ஓரளவு உதவும். ஆனால் கொழும்பில் புதிய கொலம் ஒன்று முகவர் ஊடாக வந்து சேர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்போது, எதை ஓடர் செய்வது என்பதை நீளத்தைப் பார்த்து முடிவு செய்வது பெரும்பாலும் பணத்துக்கும் காலத்துக்கும் கேடு. உருக்குக் குழாய்க்குள் இருக்கும் துணிக்கைகளின் மேற்பரப்பில் என்ன பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். சின்னக் கணக்கு ஒன்று இதைத் தெளிவாக்கும்.

150 மில்லிமீற்றர் நீளம், 4.6 மில்லிமீற்றர் உள்விட்டம், 5 மைக்ரோமீற்றர் துணிக்கை: ஆய்வுகூடங்களில் அதிகம் காணப்படும் அளவு இது. நிமிடத்துக்கு 1 மில்லிலீற்றர் வேகத்தில், கொலத்தில் எங்கும் தங்காத ஒரு பொருள் ஏறக்குறைய 1.5 நிமிடத்தில் வெளியே வந்துவிடும். யுராசிலை ஏற்றி இதை அளப்பார்கள். இதை வெற்று நேரம் என்போம். பிரிக்கவேண்டிய இரண்டு பொருட்களும் 6.0, 6.225 ஆகிய நிமிடங்களில் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் வெற்று நேரத்தைக் கழித்து, மீதியை வெற்று நேரத்தால் வகுத்தால் தங்கற் காரணி கிடைக்கும்: 3.00, 3.15. பெரியதைச் சிறியதால் வகுத்தால் 1.05. இந்த 1.05 தான் தேர்வுத்திறன். கிரேக்க எழுத்தான அல்பாவால் இதைக் குறிப்பார்கள். அல்பா 1 என்றால் அந்தக் கொலத்துக்கு இரண்டு பொருட்களுக்கும் இடையில் வித்தியாசமே தெரியவில்லை என்று பொருள்.

கொலத்தின் தட்டு எண்ணிக்கை (பீக்குகளை எவ்வளவு ஒடுக்கமாக வைத்திருக்கிறது என்பதன் அளவு) 10,000 ஆக இருந்தால், இந்த இடத்தில் ஒரு பீக்கின் அடி அகலம் ஏறக்குறைய 0.25 நிமிடம். பீக்குகளுக்கு இடையிலான தூரம் 0.225 நிமிடம். தூரத்தை அகலத்தால் வகுத்தால் பிரிதிறன் 0.9. அடிக்கோடு வரை பிரிய 1.5 வேண்டும். இப்போது கொலத்தின் நீளத்தை இரட்டிப்பாக்குங்கள். தூரம் 0.45 நிமிடமாகும். அகலமும் 0.35 நிமிடமாகப் பெருக்கும். பிரிதிறன் 1.3 மட்டுமே. நேரமும் அழுத்தமும் கரைப்பான் செலவும் இரண்டு மடங்கு, ஆனாலும் 1.5 எட்டவில்லை. அதற்குப் பதிலாக, அதே நீளத்தில் மேற்பரப்பு வேறான ஒரு கொலம் அல்பாவை 1.05 இலிருந்து 1.10 ஆக மாற்றினால் இரண்டாவது பீக் 6.45 நிமிடத்துக்குப் போகும், அகலம் பெரிதாக மாறாது, பிரிதிறன் 1.8. நேரம் கால் நிமிடம்கூடக் கூடவில்லை.

பம்பலப்பிட்டிச் சந்தியிலிருந்து வெள்ளவத்தைச் சந்தை வரை காலி வீதியில் இரண்டு பேர் ஒரே வேகத்தில் நடக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குப் புத்தகக் கடையைக் கண்டால் கால் நகராது, மற்றவருக்குச் சேலைக் கடை. வழியில் இரண்டும் இல்லாவிட்டால், தெகிவளை வரை நீட்டினாலும் ஒன்றாகத்தான் போய்ச் சேருவார்கள். வழியில் புத்தகக் கடைகள் மட்டும் இருந்தால் முதலாமவர் பின்தங்குவார். சேலைக் கடைகள் மட்டும் இருந்தால் வரிசை தலைகீழாகும். கொலத்தின் இரசாயனம் என்பது வழியில் என்ன கடை வைப்பது என்ற தீர்மானம்.

மேற்பரப்பில் என்ன இருக்கிறது

பெரும்பாலான கொலங்களின் அடிப்படை சிலிக்கா. ஏறக்குறைய 10 நனோமீற்றர் அகலமான நுண்துளைகள் நிறைந்த உருண்டைகள். ஒரு கிராமில் ஏறத்தாழ 300 சதுர மீற்றர் மேற்பரப்பு உண்டு. மேலே சொன்ன அளவுக் கொலத்தில் சுமார் ஒன்றரைக் கிராம் சிலிக்கா இருக்கும். அப்படியானால் ஒரு கூடைப்பந்துத் திடலின் பரப்பு அந்தச் சிறு குழாய்க்குள் மடிந்து கிடக்கிறது. பிரிவு நடப்பது அந்தத் திடலில்.

வெறும் சிலிக்காவின் மேற்பரப்பில் சிலனோல் என்ற ஐதரொட்சில் கூட்டங்கள் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 8 மைக்ரோமோல் உண்டு. இவற்றின் மீது 18 காபன் நீளமான சங்கிலிகளைப் பிணைத்தால் சி18 கொலம். ஆனால் சங்கிலிகள் பருத்தவை, ஒன்றை ஒன்று இடிக்கும். அதனால் 3 முதல் 4 மைக்ரோமோல் வரைதான் பிணைய முடிகிறது. பாதிக்கு மேற்பட்ட சிலனோல்கள் அடியில் அப்படியே மீந்திருக்கும். எஞ்சியவற்றில் எட்டக்கூடியவற்றை மெதைல் கூட்டங்கள் கொண்ட சிறிய சிலேன் ஒன்றால் மூடுவார்கள். இதற்கு எண்ட்கெப்பிங் என்று பெயர். அதுவும் எல்லாவற்றையும் மூடாது.

ஆரம்பத்தில் பலருக்கும் புரியாமல் போவது இந்த இடம்தான். சி18 என்ற பெயர் சங்கிலியின் நீளத்தை மட்டும் சொல்கிறது. சங்கிலிகள் எவ்வளவு நெருக்கம், எண்ட்கெப்பிங் செய்யப்பட்டதா, சிலிக்கா எவ்வளவு தூய்மையானது என்பவற்றை அது சொல்வதில்லை. பழைய வகைச் சிலிக்காவில் இரும்பு, அலுமினியம் போன்ற உலோகச் சுவடுகள் உண்டு. அவை அருகிலுள்ள சிலனோலை மேலும் அமிலத்தன்மையாக்கும். அமித்திரிப்டிலின் போன்ற மூல (அமிலத்துக்கு எதிரான, காரத்தன்மையுள்ள) மருந்தொன்றை பி.எச் 7 இல் அத்தகைய கொலத்தில் ஏற்றினால், நேரேற்றம் கொண்ட மூலக்கூறு எதிரேற்றம் கொண்ட சிலனோலில் ஒட்டிக்கொண்டு மெதுவாக விடுபடும். பீக்கின் பின்பக்கம் வால்போல இழுபடும். அதே மருந்தை, தூய சிலிக்காவில் செய்த, நன்றாக மூடிய சி18 இல் ஏற்றினால் வால் பெருமளவு ஒடுங்கிவிடும். இரண்டு பெட்டிகளிலும் சி18 என்றே எழுதியிருக்கும்.

சி18 இலிருந்து, 8 காபன் சங்கிலி கொண்ட சி8 க்கு மாறினால் தேர்வுத்திறன் மாறும் என்று எதிர்பார்ப்பது இன்னொரு பொதுவான தவறு. இரண்டிலும் நடப்பது நீர்வெறுப்பு ஈர்ப்புத்தான். சி8 இல் எல்லாப் பொருட்களும் சற்று முந்தி வரும், ஆனால் பெரும்பாலும் அதே வரிசையில், கிட்டத்தட்ட அதே இடைவெளி விகிதத்தில். ஒட்டியிருந்தவை ஒட்டியபடியே முந்தி வரும். நேரத்தைச் சுருக்க சி8 நல்லது. பிரிக்க வேறு இரசாயனம் தேவை.

கையிலிருக்கும் சி18 எந்த ரகம் என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஜப்பானில் தனாக்கா குழுவினர் 1989 இல் வெளியிட்ட சோதனைத் தொகுதியின் ஒரு பகுதி அது. மெதனோல் 30, நீர் 70 என்ற கலவையில் யுராசில், கஃபீன், பீனோல் மூன்றையும் ஏற்றுங்கள். நன்றாக மூடப்பட்ட கொலத்தில் கஃபீன் பீனோலுக்குத் தெளிவாக முன்னே வரும். திறந்த சிலனோல்கள் அதிகமானால் கஃபீன் அவற்றுடன் ஐதரசன் பிணைப்புக் கொண்டு தங்கி, பீனோலை நெருங்கும் அல்லது தாண்டிவிடும். இரண்டின் தங்கற் காரணிகளின் விகிதத்தைக் குறித்துவைத்தால் கொலத்தின் கைரேகை ஒன்று கிடைத்துவிடுகிறது.

2000களின் தொடக்கத்தில் லொயிட் சினைடர், ஜோன் டோலன், பீற்றர் கார் ஆகியோரும் அவர்களோடு வேலை செய்தவர்களும் இதை இன்னும் விரிவாக்கினார்கள். ஒரு கொலத்தின் குணத்தை ஐந்து எண்களால் சொல்லலாம் என்று காட்டினார்கள்: நீர்வெறுப்பு, பருத்த மூலக்கூறுகளுக்குக் காட்டும் தடை, ஐதரசன் பிணைப்பில் கொடுக்கும் இயல்பு, வாங்கும் இயல்பு, நேரேற்றம் கொண்ட மூலக்கூறுகளை இழுக்கும் இயல்பு. நூற்றுக்கணக்கான கொலங்களுக்கான இந்த எண்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கொலம் வாங்குவதற்கு முன் அரை மணி நேரம் இவற்றைப் பார்ப்பது மிக இலாபமான அரை மணி நேரம். பழுதான கொலத்துக்கு மாற்று வேண்டுமென்றால் எண்கள் நெருங்கிய ஒன்றைத் தேடுங்கள். பிரியாத பீக்குகளைப் பிரிக்கவேண்டுமென்றால் தூரமான ஒன்றைத் தேடுங்கள்.

பீனைலும் தேயிலையும்

சி18 இலிருந்து விலகிப் போக நினைப்பவர்கள் முதலில் எடுக்கத்தக்கது பீனைல் வகை. சங்கிலியின் முனையில் ஒரு பென்சீன் வளையம் இருக்கும். பைபீனைலில் இரண்டு. மாதிரியில் உள்ள அரோமற்றிக்கு வளையங்களும் கொலத்தின் வளையங்களும் பை இலத்திரன்கள் மூலம் ஒன்றை ஒன்று இழுக்கும். இரண்டு பொருட்களின் நீர்வெறுப்பு ஒரே அளவாக இருந்தாலும், வளையங்களின் எண்ணிக்கையோ வளையத்தில் தொங்கும் கூட்டமோ வேறானால் பீனைலுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

இதற்கு நம் நாட்டுக்கு நெருக்கமான உதாரணம் தேயிலை. பச்சைத் தேயிலையில் கற்றெச்சின்களை அளப்பதற்கான சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ 14502-2, 2005 இல் வெளியானது. அது எடுத்துக்கொண்டது சி18 ஐ அல்ல, பீனைல் பிணைத்த கொலத்தை. வெப்பநிலை 35 பாகை செல்சியஸ், அலைநீளம் 278 நனோமீற்றர். கொலத்தினூடாக ஓடும் கரைப்பான் கலவையான அசையும் அவத்தையில் அசெற்றோநைத்திரைல் 9 வீதத்தில் தொடங்கி ஏறும், 2 வீதம் அசெற்றிக்கு அமிலம் சேரும். கற்றெச்சின்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய உறவினர். சிலவற்றில் ஒரு ஐதரொட்சில் கூட, சிலவற்றில் கலேற்று என்ற மேலதிக வளையம் ஒன்று ஒட்டியிருக்கும். வளையங்களை உணரும் மேற்பரப்பு இங்கே பொருத்தமானது என்பது மூலக்கூறைப் பார்த்தாலே விளங்கும். அதே தரநிலை சிறிதளவு ஈ.டி.ரி.ஏ சேர்க்கச் சொல்கிறது. உலோக அயன்கள் கற்றெச்சின்களைச் சிதைக்காமல் அது பிடித்துவைத்திருக்கும். அதைத் தேவையில்லாதது என்று விட்டுவிடாதீர்கள்.

பீனைல் கொலம் வாங்கிவிட்டு, மாற்றம் எதுவும் தெரியவில்லை என்பவர்கள் பெரும்பாலும் அசெற்றோநைத்திரைலை நிறையச் சேர்த்து ஓட்டுகிறார்கள். அந்தக் கரைப்பானிலேயே பை இலத்திரன்கள் உண்டு. அவை கொலத்தின் வளையங்களோடு போட்டியிட்டு, நாம் விரும்பிய ஈர்ப்பை மழுங்கடிக்கும். மெதனோலுக்கு மாறுங்கள். பீனைலின் தனிக்குணம் அப்போதுதான் முழுதாக வெளிப்படும். மெதனோலும் நீரும் கலக்கும்போது பாகுநிலை கூடி அழுத்தம் உயரும் என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஐந்து புளோரின் கொண்ட பீனைல் வளையம் பிணைத்த கொலம் பி.எஃப்.பி எனப்படும். இருமுனைவு, ஐதரசன் பிணைப்பு, வடிவம் எல்லாவற்றையும் உணரக்கூடியது. மெற்றா, பரா கிரெசோல்கள் போன்ற, சி18 இல் பிரிய மறுக்கும் இடச் சமபகுதியங்களுக்கு (அணுக்கள் ஒன்றே, கூட்டம் ஒட்டியிருக்கும் இடம் மட்டும் வேறு) முதலில் இதைத்தான் நாடவேண்டும். சங்கிலியின் நடுவே அமைட்டுக் கூட்டம் புதைத்த வகைகள் பீனோல்களைக் கூடுதலாகத் தங்கவைக்கும், மூலங்களைச் சி18 ஐ விட விரைவில் விடுவிக்கும். சயனோ வகையில் தங்கல் குறைவு. சி18 இல் மிக நேரமெடுக்கும் பொருட்களுக்கு உதவும். சி18 இல் நில்லாமல் வெற்று நேரத்திலேயே ஓடிவிடும், நீரை விரும்பும் முனைவுப் பொருட்களுக்கு ஹிலிக் முறை. வெறும் சிலிக்காவோ அமைட்டுக் கொலமோ வைத்து, 60 முதல் 95 வீதம் வரை அசெற்றோநைத்திரைலில் ஓட்டுவார்கள். அங்கே மாதிரியைத் தனி நீரில் கரைத்து ஏற்றினால் பீக் சிதைந்துவிடும்.

அமினோ கொலத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதன் மேற்பரப்பிலுள்ள அமீன் கூட்டம் அல்டிகைட்டுகளோடும் கீற்றோன்களோடும் தாக்கமடையும். கறுவாவின் முதன்மைப் பொருளான சினமல்டிகைட்டும் ஓர் அல்டிகைட்டு. கறுவாச் சாற்றை அமினோ கொலத்தில் ஏற்றுவது கொலத்தைத் தின்னக் கொடுப்பதற்குச் சமம். ஒவ்வொரு முறையும் மேற்பரப்பின் ஒரு பகுதி மீளாமல் மாறிப்போகும்.

கொலம் தனியே வேலை செய்வதில்லை

புறக்கோட்டையில் வாங்கிய கறுவாத்தூளில் கசியா என்ற வேறு வகைக் கறுவா கலந்திருக்கிறதா என்று பார்க்க விரும்பினால் கூமரினை அளப்பார்கள். இலங்கைக் கறுவாவில் கூமரின் சுவடளவு, கசியாவில் அதைவிடப் பல மடங்கு. சி18 இல் கூமரின், சினமிக்கு அமிலம், சினமல்டிகைட்டு மூன்றும் அருகருகே வரக்கூடியவை. இவற்றில் கூமரினும் சினமல்டிகைட்டும் ஏற்றமற்றவை. சினமிக்கு அமிலத்தின் பி.கே.ஏ, அதாவது அதன் மூலக்கூறுகளில் பாதி ஏற்றம் பெற்றிருக்கும் பி.எச், 4.4. பி.எச் 2.5 இல் அது நடுநிலையாக இருந்து நன்றாகத் தங்கும். பி.எச் 6 இல் ஏற்றம் பெற்று வெகு முன்னே ஓடிவிடும். கொலம் ஒன்றே, வரிசை வேறு. கொலத்தை மாற்ற நினைக்குமுன் பி.எச் ஐ ஒருமுறை மாற்றிப் பாருங்கள். செலவு, பி.எச் ஐ நிலையாக வைத்திருக்கும் தாங்கற் கரைசல் ஒரு போத்தல்தான்.

ஆனால் பி.எச் ஐப் பொருளின் பி.கே.ஏ க்கு அருகில் வைக்காதீர்கள். அங்கே 0.1 அலகு பிழைத்தாலே பீக் நகரும். குறைந்தது ஒன்றரை, இரண்டு அலகு தள்ளி நில்லுங்கள். சாதாரண சிலிக்காக் கொலங்கள் பி.எச் 2 முதல் 8 வரையே பாதுகாப்பு. அதற்குக் கீழே பிணைத்த சங்கிலிகள் கழன்றுபோகும். மேலே சிலிக்காவே கரையும்.

வெப்பநிலையும் அப்படித்தான். ஒரு பாகை மாறினால் தங்கல் ஏறத்தாழ 1 முதல் 2 வீதம் மாறும். ஏற்றம் பெறும் பொருட்களில் தேர்வுத்திறனும் நகரும். கொழும்பில் ஏசி நின்றால் அறை 30 பாகையைத் தொட்டுவிடும். கொலத்தை வைக்கும் வெப்பப் பெட்டிக்குக் குளிரூட்டும் வசதி இல்லாவிட்டால், அதை 25 பாகையில் வைத்தால் அது வெறும் எண், கொலம் அறையின் வெப்பநிலையிலேயே இருக்கும். 35 பாகையில் வைப்பது இங்கே அறிவுடைமை. நடுநிலைப் பொசுபேற்றுக் கரைசலில் நமது வெக்கைக்குச் சில நாட்களிலேயே நுண்ணுயிர்கள் வளர்ந்துவிடும். புதிதாகத் தயாரித்து, 0.45 மைக்ரோமீற்றர் வடியில் வடித்து ஓட்டுங்கள். வாரக் கடைசியில் அதைக் கொலத்துக்குள் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

எப்படித் தெரிவு செய்வது

மூன்று கொலங்கள் போதும்: நன்றாக மூடிய ஒரு சி18, ஒரு பீனைல் அல்லது பைபீனைல், ஒரு பி.எஃப்.பி அல்லது அமைட்டுப் புதைத்தது. மூன்று வெவ்வேறு கம்பனிகளின் சி18 களை அடுக்கி வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஒவ்வொன்றையும் மெதனோலிலும் அசெற்றோநைத்திரைலிலும், பி.எச் 2.7 இலும் 6.5 இலும் ஓட்டினால் மொத்தம் 12 ஓட்டங்கள். 5 வீதத்திலிருந்து 80 வீதம் வரை கரைப்பானை 20 நிமிடத்தில் உயர்த்தி, 10 நிமிடம் பழைய நிலைக்குத் திரும்ப விட்டால், ஓர் ஓட்டம் 30 நிமிடம், 30 மில்லிலீற்றர். ஆறு மணி நேரத்திலும் அரை லீற்றருக்குக் குறைவான அசையும் அவத்தையிலும் வேலை முடியும். கொலம் மாற்றும்போது சமநிலைக்குக் கூடுதலாக ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தாங்கற் கரைசலில் பொசுபேற்று இருந்தால் அசெற்றோநைத்திரைலை 70 வீதத்துக்கு மேல் கொண்டுபோகாதீர்கள், உப்பு படியும்.

வரிசை மாறுவதால் இங்கே ஏமாற்றம் எளிது. ஒரு கொலத்தில் மூன்றாவதாக வந்த பீக் இன்னொன்றில் ஐந்தாவதாக வரலாம். நியமங்களை (இன்னதென்று தெரிந்த தூய பொருட்களை) தனித்தனியே ஏற்றியோ, பல அலைநீளங்களில் ஒரே நேரத்தில் அளக்கும் டயோட் அரே டிற்றெக்டரின் நிறமாலையை ஒப்பிட்டோ எது எது என்று உறுதி செய்யுங்கள். பீக்குகளின் எண்ணிக்கை குறைந்திருந்தால் ஒன்றின் அடியில் இன்னொன்று ஒளிந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

முனைவுப் பொருட்களைத் தங்கவைக்கச் சாதாரண சி18 ஐ நூறு வீத நீரில் ஓட்டுவது இன்னொரு பொறி. ஓடும்போது சரியாகவே இருக்கும். மின்சாரம் போய் பம்ப் நின்றால் அழுத்தம் விழும். நீரை வெறுக்கும் துளைகள் நீரை வெளியே தள்ளிவிடும். மறுபடி தொடங்கும்போது எல்லாப் பீக்குகளும் வெற்று நேரத்துக்கு அருகில் குவிந்திருக்கும். கொலம் செத்துவிட்டது என்று எறியாதீர்கள். உப்புக் கரைசல் உள்ளே இருந்தால் முதலில் 10 வீத மெதனோலால் கழுவி, பின் 50 வீதத்துக்கு மேலான மெதனோலை 20, 30 மில்லிலீற்றர் ஓட்டினால் துளைகள் மீண்டும் நனையும். 5 வீதம் கரைப்பானை எப்போதும் விட்டுவைத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. நூறு வீத நீரே தேவையானால் அதற்கென்று செய்த கொலத்தை வாங்குங்கள்.

மருந்து ஆய்வுகூடங்களில் வேலை செய்பவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. யூ.எஸ்.பி எனும் அமெரிக்க மருந்துத் தரநூல் கொலங்களை எண்களால் அழைக்கிறது: சி18 எல்1, சி8 எல்7, பீனைல் எல்11, சயனோ எல்10, பி.எஃப்.பி எல்43. 2022 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள அதன் 621 ஆம் அத்தியாயம் நீளத்தையும் துணிக்கை அளவையும் குறிப்பிட்ட எல்லைக்குள் மாற்ற இடம் தருகிறது. மேற்பரப்பின் இரசாயனத்தை மாற்ற இடம் தரவில்லை. சி18 சொல்லப்பட்ட இடத்தில் சி8 ஐயோ பீனைலையோ போட்டால் அது புதிய மெதட் (சோதனை முறை), முழுதாக வலிதாக்கவேண்டும், அதாவது நம்பத்தக்கது என்று சோதித்து நிறுவவேண்டும். ஆனால் எல்1 என்ற ஒரே எண்ணுக்குள் ஒன்றுக்கொன்று ஒத்துவராத நூற்றுக்கணக்கான கொலங்கள் இருக்கின்றன. மெதட் எழுதும்போதே, சோதித்துப் பார்த்த இரண்டாவது கொலம் ஒன்றின் பெயரையும் குறித்துவைப்பவர்கள், முகவரிடம் இருப்பு இல்லை என்ற பதில் வரும் நாளில் தடுமாறமாட்டார்கள்.

புதிய கொலம் வந்த அன்றே, மாதிரி எதையும் ஏற்றுவதற்கு முன், யுராசில், கஃபீன், பீனோல் கலவையை ஓட்டி, தங்கற் காரணிகளையும் அழுத்தத்தையும் தொகுதி எண்ணோடு சேர்த்துக் கொப்பியில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் பீக்குகள் மறுபடி ஒட்டத் தொடங்கினால், அதே கலவையை மீண்டும் ஓட்டிப் பார்த்தால் போதும்: மாறியது கொலமா, மாதிரியா, தாங்கற் கரைசலா என்று தேடுவதை எங்கே தொடங்குவது என்பது அந்தப் பக்கத்தில் இருக்கும்.